ஒரு சூப்பிப் பெற்றோல்

(மில்லிக்கனிலிருந்து இணையவழி நேரலையில் ஆற்றிய உரை. எழுத்து வடிவத்துக்காகச் சிறிது செம்மைப்படுத்தப்பட்டுள்ளது.)

இங்கே ரொறன்ரோவில் காலை. இலங்கையில் இரவுச் சாப்பாட்டு நேரம். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் நித்திரையைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருப்பீர்கள். எல்லோருக்கும் நன்றி.

வழக்கமாக இந்த அரங்கில் ஒரு நாவலைப் பற்றியோ ஒரு கவிஞரைப் பற்றியோ பேசுவோம். நான் இன்று பேசப்போவது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய சின்ன மோட்டார்ச் சைக்கிள்களைப் பற்றி. தலைப்பைச் சொன்னவுடன் ஒருங்கிணைப்பாளர், "அண்ணை, இது இலக்கியக் கூட்டம் எல்லோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு புத்தகங்களைச் சொல்லித்தான் அவரைச் சமாளித்தேன்.

ஒன்று, சே குவேராவின் மோட்டார்ச் சைக்கிள் நாட்குறிப்பு. 1952இல் அவரும் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவும் 500 சி.சி. நோர்ட்டன் ஒன்றில் ஆர்ஜென்டீனாவிலிருந்து புறப்படுகிறார்கள். பலர் மறந்துவிடுகிற விசயம், அந்த நோர்ட்டன் சிலியிலேயே செத்துப்போய்விடுகிறது. மிச்சப் பயணம் லொறியிலும் கப்பலிலும் நடையிலும்தான். மற்றது, 1974இல் வந்த ரொபேர்ட் பெர்சிக்கின் புத்தகம், மோட்டார்ச் சைக்கிள் பராமரிப்பையும் சென்னையும் சேர்த்துப் பேசுவது. சென் என்றால் பட்டணம் இல்லை, பௌத்த ஞானமரபு. அதில் ஓர் இடம் வரும். நண்பருடைய விலை உயர்ந்த பி.எம்.டபிள்யூவில் காண்டில் இறுக்கம் இல்லாமல் வழுக்குகிறது. கதைசொல்லி, பியர் ரின்னிலிருந்து ஒரு துண்டுத் தகரம் வெட்டி இடையில் வைத்து இறுக்கலாம் என்கிறார். நண்பருக்குக் கோபம் வந்துவிடுகிறது. என்னுடைய பி.எம்.டபிள்யூவுக்குப் பியர் ரின்னா? அந்த ஒரு துண்டுத் தகரத்தை வைத்துக்கொண்டு பெர்சிக் பக்கம் பக்கமாகத் தத்துவம் பேசுவார்.

நான் அதை ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் வாசித்தேன். வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் ஒழுங்கையில் ரின்பால் பேணியை வெட்டி வைக்காமல் ஓடிய ஒரு மோட்டார்ச் சைக்கிள் இருந்ததா? அதைப் பற்றி யாராவது நாலு பக்கம் எழுதியிருக்கிறோமா? போரைப் பற்றி நிறைய எழுதினோம். போருக்குள் ஆட்கள் எப்படி வேலைக்குப் போய் வந்தார்கள் என்பது கதைகளில் பின்னணியாக ஒரு வரியில் வந்து போகும். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற வேலை எவ்வளவு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கதை யப்பானில் தொடங்குகிறது. 1958இல் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் என்ற சின்ன வண்டியை வெளியிட்டது. 49 சி.சி., நான்கு வீச்சு இயந்திரம். பொறியியல் சொய்ச்சிரோ ஹொண்டாவுடையது. யாருக்கு விற்கலாம் என்ற யோசனை பங்காளி தக்கேயோ ஃபுஜிசவாவுடையது. சேலை, பாவாடை, சாரம் எதுவும் தடையில்லாமல் காலைத் தூக்காமல் ஏறி இருக்கலாம் (யப்பானில் கிமோனோ என்று வைத்துக்கொள்ளுங்கள்). கிளச் பிடிக்கத் தேவையில்லை. அதனால் நூடில்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் ஒரு கையில் தட்டத்தை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்டலாம். சங்கிலி முழுக்க மூடியிருக்கும், சேறு படாது. 2017இல் இந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளைதான் எம்.டி. 90. யப்பானிய அஞ்சல் சேவைக்கென்று செய்த சிவப்பு வண்டி. கடிதமூட்டை ஏற்ற வேண்டும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை நிறுத்தி எடுக்க வேண்டும், ஆகவே சில்லு 14 அங்குலமாகச் சிறியது, முன்னாலும் பின்னாலும் பெரிய கரியர், முன் ஃபோர்க் பலமானது. அங்கே தபால்காரர் ஓட்டித் தேய்ந்த வண்டிகள் பழைய சாமானாக நாடு நாடாகப் போயின. எங்களிடமும் வந்தன. யாரோ ஒரு யப்பானியருடைய மின்சாரக் கட்டணப் பட்டியலைச் சுமந்த கரியரில் எங்கள் வெங்காயக் கூடை ஏறியது.

வந்த காலம் முக்கியம். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் அந்த ஏழு வருடமும் காசு புழங்கியது. ஆனால் அந்தக் காசுக்கு வாங்க வண்டி இல்லை. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா வந்து சந்தையைத் திறந்துவிட்டார். யப்பான் சாமான்கள் வந்து குவிந்தன. அதே வாசலால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் உள்ளே வந்தன. கையில் காசு இருந்தபோது ஹொண்டா இல்லை, ஹொண்டா வந்தபோது தோட்டம் விழத் தொடங்கிவிட்டது. எங்கள் பெரியப்பா 1979இல் எம்.டி. 90 வாங்கியது அந்த மிச்சக் காசில்தான். ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் ஹொண்டா 50, 70, 90 என்று வாங்கினார்கள். பெண்களுக்கு சாலி. குட்டிச் சில்லு வைத்த ஹொண்டா சாலியில் வெள்ளைச் சேலையுடன் ரீச்சர் போனால் ஒழுங்கையில் ஒரு மரியாதை. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்த இடத்தில் 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 ஞாபகத்துக்கு வரும். அதன் கதை வேறு, அதற்குத் தனிக் கூட்டம் வைக்க வேண்டும்.)

எண்பதுகளை விரைவாகக் கடக்கிறேன். அந்தக் காலத்தில் மோட்டார்ச் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. இயக்கங்கள் ஏதாவது ஒன்று இரவில் வந்து "ஒருக்காத் தாங்கோ அண்ணை" என்று கேட்கும். வண்டி திரும்பி வந்தாலும் வரும். எந்த இயக்கம் என்பது முக்கியமில்லை, எல்லோருமே கேட்டார்கள்.

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் எல்லாம் நின்றன. மின்சாரமும் நின்றது. ஒழித்து மறைத்து வந்த பெற்றோல் கொழும்பு விலையின் பல மடங்குக்குப் போனது. இயக்க வாகனங்களுக்கு எரிபொருள் இருந்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விட்டால் இது வரலாறு இல்லை. பொதுசனத்துக்குக் கிடைத்தது மண்ணெண்ணெய். அதுவும் விளக்குக்கென்று, சங்கக்கடையில், பங்கீட்டில், அளந்து.

இனி இயந்திர விசயம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லத்தான் நான் வந்தது.

பெற்றோல் பனிக்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படியில்லை. ஏறக்குறைய 38 பாகைக்கு மேல் சூடாக வேண்டும், அப்போதுதான் தீப்பிடிக்கப் போதிய ஆவி கிளம்பும். ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, பிளக் நனைந்ததுதான் மிச்சம். இயந்திரம் ஒருமுறை சூடாகிவிட்டால் அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி ஓடும். அப்படியென்றால், தொடங்குவதற்கு மட்டும் கொஞ்சப் பெற்றோல் வேண்டும். மருந்துச் சொட்டு விடுகிற மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் இருக்குமே, அழுத்தினால் சீறும், எங்கள் பக்கத்தில் அதற்குச் சூப்பி என்று பெயர். காபரேற்றருக்குள் சூப்பியால் இரண்டு சீறு பெற்றோல், ஒரு உதை, இயந்திரம் இரையத் தொடங்கும், உடனே முறுக்கிப் பிடித்துச் சூடாக்க வேண்டும். அணையவிட்டால் திரும்ப இரண்டு சீறு. அந்த இரண்டு சீறின் விலையை நினைத்து ஆட்கள் வண்டியை அணைக்காமலே சந்தையில் கீரை வாங்கினார்கள்.

உண்மையில் இது யாழ்ப்பாணத்துக் கண்டுபிடிப்பு இல்லை. பிரித்தானிய விவசாயிகள் முப்பதுகளிலிருந்து உழவு இயந்திரங்களை இப்படித்தான் ஓட்டினார்கள். சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மலிவான மண்ணெண்ணெய் வகை எண்ணெய். சூடான பிறகு திருகை மாற்றுவார்கள். அவர்களுடைய இயந்திரங்கள் அதற்கென்றே செய்தவை. எங்களுடையது கடித மூட்டைக்குச் செய்தது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் காருக்குப் பின்னால் அடுப்பைக் கட்டி விறகுப் புகையில் ஓட்டியவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

எங்கள் ஒழுங்கை முகப்பில் கராஜ் வைத்திருந்தவர் இப்போது இங்கேதான், மில்லிக்கனில், மகனுடைய வீட்டு நிலவறையில் இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே அண்ணை என்றே சொல்கிறேன். இந்த உரைக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை அவருடன் இருந்து கேட்டேன். அவர் சொன்ன மாற்றங்கள் இவை. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, நேரத்துக்கு முன்னமே வெடித்து "டக் டக்" என்று தட்டும். அதனால் தலையைக் கழற்றி இன்னொரு கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைப்பார். கஸ்கெற் இல்லாவிட்டால் வெட்டுவார். எதில் வெட்டினீர்கள் என்று கேட்டேன். "கிடைச்சதில" என்றார். காண்டிலில் ஒரு சேலைன் குழாயைக் கொண்டுவந்து சின்னப் பெற்றோல் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டு, திருகு வைத்து மாற்றிக்கொள்கிற ஒழுங்கு காசு கூடியவர்களுக்கு. அப்படி வைத்திருப்பவர் வீட்டுக்குக் கிட்ட வரும்போது பெற்றோலுக்குத் திருப்பிவிட்டு வந்து நிறுத்துவார், அடுத்த நாள் காபரேற்றருக்குள் பெற்றோல் நிற்கும், ஒரே உதையில் எடுக்கும். மற்றவர்களுக்குச் சூப்பிதான்.

இதற்கு ஒரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும். ஒயிலை மாற்ற வேண்டும், ஆனால் ஒயிலும் இல்லை. பிஸ்ரன் தேயும், பிளக்கில் கரி பிடிக்கும், பின்னால் வெள்ளைப் புகை போகும். காலை ஏழரைக்குக் காங்கேசன்துறை வீதியில் நின்றால் கண் எரியும். "நான் திருத்தினன் எண்டு சனம் சொல்லும். நான் ஒவ்வொரு வண்டியையும் மெல்ல மெல்லக் கொண்டனான்" என்றார் அண்ணை. அவர் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இங்கே எனக்கு ஒரு மாறுபாடு இருக்கிறது. புலம்பெயர்ந்த நாங்கள் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு பெருமிதம் வந்துவிடும். பாருங்கள், தடை போட்டார்கள், நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். உண்மைதான். ஆனால் அந்த மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது? ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாக ஊற்றி, திரியை முடிந்தளவு சிறிதாக்கிப் படித்த விளக்கிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் பங்கீட்டு எண்ணெய் வந்த அன்று அம்மாவும் அப்பாவும் அதைப் பிரிக்கிறதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு நகரத்தில் வேலை. சுன்னாகத்திலிருந்து போக வர 20 கிலோமீற்றர். கிழமையில் மூன்று நாள் சைக்கிள், இரண்டு நாள் பெரியப்பா விட்டுப்போன எம்.டி. 90. அக்காவுக்கு உயர்தரப் பரீட்சை. அப்பா இரண்டு நாளை ஒரு நாளாக்கினார், பிறகு அதையும் விட்டார். வண்டி சாக்கு மூடி மாலுக்குள் நின்றது. அவசரத்துக்கு என்று ஒரு சூப்பிப் பெற்றோல் சுவர் மாடத்தில் இருந்தது.

1993, மாரிகாலம். அம்மம்மாவுக்கு இழுப்பு. நடுச்சாமத்தில் கூடிவிட்டது. பக்கத்து வைத்தியசாலையில் மருந்து இல்லை, யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அப்பா சாக்கை இழுத்தார், மாடத்திலிருந்து சூப்பியை எடுத்தார். அது வெறுமையாக இருந்தது. நான் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுத்தினார், காற்றுத்தான் சீறியது. மணம் மட்டும் இருந்தது. அப்படியும் உதைத்தார். நான் எண்ணவில்லை, ஆனால் நீண்ட நேரம் உதைத்தார். பிறகு சைக்கிள் கரியரில் தலையணை கட்டி அம்மம்மாவை இருத்தி, அம்மா பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தும் ஓடியும், மருதனார்மடம், இணுவில், தாவடி, கொக்குவில் என்று, மழைக்குள் போனார்கள். வைத்தியசாலையைச் சுற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயம் இருந்த காலம். விடிகிற நேரம் போய்ச் சேர்ந்தார்கள். அம்மம்மா இரண்டாம் நாள் போய்விட்டா.

சூப்பி மூடி சரியாக இறுக்கப்படவில்லை என்றுதான் வீட்டில் பேச்சு. கடைசியாக அதைத் தொட்டவர் அப்பா. அம்மா கோபத்தில் ஒருமுறை அதைச் சொன்னா, ஒரே ஒருமுறை. அப்பா பதில் சொல்லவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளியேறியபோது அந்த எம்.டி. 90ஐ நாங்கள் ஓட்டிக்கொண்டு போகவில்லை, உருட்டிக்கொண்டு போனோம். முன் கரியரில் அரிசி, பின் கரியரில் தையல் இயந்திரத் தலை. நாவற்குழிப் பக்கம் அசைய இடமில்லாத சனத்துக்குள் இயந்திரம் இருந்தென்ன, விட்டென்ன. தென்மராட்சியில் ஒரு வீட்டு வேலியோடு சாத்திவிட்டு வந்ததுதான் கடைசி. 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு பஜாஜும் ஹீரோ ஹொண்டாவும் டி.வி.எஸ்ஸும் வந்து நிறைந்தன. எம்.டி. 90 மெல்ல மெல்லக் காட்சிப் பொருளாகியது. இப்போது ஊரில் இளம் பொடியள் அதைத் தேடிப்பிடித்துப் பளபளவென்று பூச்சடித்து ஓடுகிறார்கள். வடிவாகத்தான் இருக்கிறது. மண்ணெண்ணெய் மணம் மட்டும் இல்லை, அது நல்லதுதான்.

2022இல் முழு இலங்கையும் எரிபொருள் வரிசையில் நின்றது. ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு அட்டை வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். கொழும்பு நண்பர் ஒருவர் தொலைபேசியில், 4 லீற்றரை வைத்து என்ன செய்வது என்று பொரிந்து தள்ளினார். எனக்கு அவரோடு கவலைப்படத் தெரியவில்லை. 4 லீற்றரில் எத்தனை சூப்பி நிரப்பலாம் என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

இங்கே கனடாவில் மோட்டார்ச் சைக்கிள் வேலைக்குப் போகிற வண்டி இல்லை, கோடைக்கால விளையாட்டு. ஒன்ராறியோவில் காப்புறுதிக் காசும் பனியும் சேர்ந்து அதை அப்படி ஆக்கிவிட்டன. எங்கள் இடத்தை வேறு விதமாக இன்னொன்று பிடித்திருக்கிறது. ஸ்ரீல்ஸ் வீதியில் நில்லுங்கள். தெருவின் வடக்குப் பக்கம் மார்க்கம், தெற்குப் பக்கம் ஸ்காபரோ. இரண்டு பக்கமும் உணவுப் பெட்டி கட்டிய மின்சைக்கிள்கள் போகும். ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள். சட்டப்படி 500 வாற், மணிக்கு 32 கிலோமீற்றர், எடை 120 கிலோவுக்குள். காண்டிலில் கையுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருப்பார்கள், பற்றறிக்குப் பழைய ஜக்கெற் சுற்றியிருப்பார்கள், குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதற்காக.

போன மாதம் அண்ணையோடு மிடில்ஃபீல்ட் வீதிப் பக்கம் ஒரு கடைத்தொகுதியில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றேன். கோயம்புத்தூர்ப் பொடியன் ஒருவன், பிரேக் பிடி ஆடுகிறது என்று உதைத்துக்கொண்டு நின்றான். அண்ணை குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கொக்கா கோலா ரின்னை எடுத்தார். என்னிடம் கத்தி இருக்கிறதா என்று கேட்டார். பெர்சிக்கை நினைத்து நான் சிரித்தேன், அவருக்குக் காரணம் விளங்கவில்லை. பொடியன் பெர்சிக்கின் நண்பர் மாதிரி முறைக்கவில்லை, "அங்கிள், டெலிவரி லேட் ஆகுது, சீக்கிரம்" என்றான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் அண்ணையிடம் சூப்பிக் கதையைச் சொன்னேன். முப்பது வருடத்தில் குடும்பத்துக்கு வெளியே முதல் தடவை. அவர் நடையை நிறுத்திவிட்டார்.

"எவ்வளவு நாளா மாடத்தில இருந்தது?"

"இரண்டு மாதம் இருக்கும்."

"மருந்துப் போத்தல் தானே?"

"ஓம்."

"மூடி இறுக்கினாலும் நிக்காது தம்பி. அந்தப் பிளாஸ்டிக்கைப் பெற்றோல் ஊடுருவிப் போயிடும். கண்ணுக்குத் தெரியாது. நான் அதுக்குத்தான் எல்லாருக்கும் கண்ணாடிப் போத்தல்ல வைக்கச் சொன்னனான். கொப்பரும் அப்ப கராஜுக்கு வாறேல்லத்தானே, ஆருக்குச் சொல்லுறது?"

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். மெல்லிய பிளாஸ்டிக்கின் ஊடாகப் பெற்றோல் கசிந்து ஆவியாகும் என்பது உண்மை. இப்போது வாகனத் தாங்கிகளைப் பல அடுக்குப் பிளாஸ்டிக்கில் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா 2014இல் காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறா. மேல்மாடியில் தங்கச்சியின் கைபேசியில் இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. நான் இதை நேரில் சொல்ல மூன்று தடவை மாடியேறி, மூன்று தடவையும் வேறு ஏதோ கதைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அம்மா, மூடி இறுக்கித்தான் இருந்ததாம்.